கேண்டி கேன் கொலோனில்தான் பிறந்ததா?

ஞாயிறு பள்ளி டீச்சர்
டிசம்பர் வந்தால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கேண்டி கேன் (முனை வளைந்த, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்க் குச்சி) கொடுத்து அதன் கதையையும் சொல்வேன். 1670இல் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில், நீண்ட ஆராதனையில் சிறுவர்கள் சத்தம் போடாமல் இருக்கப் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் மிட்டாய்க் குச்சியை மேய்ப்பன் கோல் போல வளைத்துக் கொடுத்தார். சிவப்புக் கோடு இயேசுவின் இரத்தம். இது கட்டுக்கதை என்று நேற்று ஒருவர் சொன்னார். மனது கேட்கவில்லை.

பழைய தாள்
அவர் சொன்னது சரிதான், டீச்சர். கொலோன் கதைக்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்று எதுவும் இல்லை. சர்க்கரையையும் பாருங்கள். பீட்ரூட் இனக் கிழங்கில் சர்க்கரை இருப்பதை ஜெர்மன் வேதியியலாளர் மார்கிராஃப் கண்டுபிடித்ததே 1747இல். அதுவரை ஜெர்மனிக்குக் கப்பலில் வந்தது கரும்புச் சர்க்கரை, எக்கச்சக்க விலை. அதையா சத்தம் போடும் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்திருப்பார்கள்?

ஞாயிறு பள்ளி டீச்சர்
விலை அதிகம் என்பதால்தானே வருஷத்துக்கு ஒரு நாள் கொடுப்பார்கள்! எங்கள் வீட்டிலும் அச்சு முறுக்கு கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். எழுதி வைக்கவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

மிட்டாய்க்காரர் மகன்
அப்பா ஜவ்வு மிட்டாய் விற்றவர். கொதித்த பாகை இழுக்க இழுக்கக் காற்று புகுந்து வெளுத்துப் பளபளக்கும். கேண்டி கேனின் வெள்ளையும் அப்படி வருவதுதான். சூடு இருக்கும்போதே வளைக்க வேண்டும், ஆறிவிட்டால் பட்டென்று ஒடியும். அவ்வளவு சிரமப்பட்டு வளைப்பது ஏன்? கிளையில் மாட்டத்தான். 1847இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஆகஸ்ட் இம்கார்ட் என்ற ஜெர்மானியர் கிறிஸ்துமஸ் மரத்தில் இதைத் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். 1919இல் அங்கேயே ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் பாப் மெக்கார்மக் என்பவர் இந்த மிட்டாய்த் தொழிலைத் தொடங்கியபோதும் கையால்தான் வளைத்தார்கள். அப்புறம் 1950களில், மிட்டாய்க் குச்சியை முறுக்கி வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியவர் அவருடைய மைத்துனர் கிரிகரி கெல்லர். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்!

ஞாயிறு பள்ளி டீச்சர்
பார்த்தீர்களா, கடைசியில் ஒரு பாதிரியாரிடம்தான் வந்து நிற்கிறது.

பழைய தாள்
இயந்திரம் அவருடையது, வழக்கம் அவருக்கு முந்தையது. கோடு போட்ட நேரான குச்சிக்கு 1844இலேயே செய்முறை அச்சாகிவிட்டது. ஆனால் 1900க்கு முந்தைய கிறிஸ்துமஸ் அட்டைகளில் வளைந்த மிட்டாய் முழு வெள்ளை. சிவப்புக் கோடு அதற்குப் பிறகுதான் அட்டைகளில் வருகிறது. அப்படியிருக்க, 1670இல் இரத்தத்துக்கு அடையாளம் வைத்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

ஞாயிறு பள்ளி டீச்சர்
சரி, ஆண்டையும் கொலோனையும் விட்டுவிடுகிறேன். மேய்ப்பன் கோலை விட மாட்டேன். பெத்லகேம் வயலில் மந்தையைக் காத்த மேய்ப்பர்களைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் அந்த மிட்டாயைக் கோல் மாதிரி நிமிர்த்திப் பிடிப்பார்கள். அதற்குச் சான்று எதுவும் தேவையில்லை.

பழைய தாள்
மேய்ப்பர்கள் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். மிட்டாய் பிறந்த கதை அது என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைகளே தேடிப் படிப்பார்கள்.