‘சுதந்தரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை எபிரேயச் சொற்கள்?

கும்பகோணம் வாசகி: தமிழ் வேதாகமத்தில் ‘சுதந்தரம்’ என்றால் விடுதலை அல்ல, உரிமைச் சொத்து. உபாகமம் 1:8-இல் ‘சுதந்தரித்துக்கொள்ளுங்கள்’, எண்ணாகமம் 27:7-இல் ‘சுதந்தரம்’. மூலத்திலும் ஒரே சொல்தானா? போரில் பிடித்த நிலமா, தகப்பன் வழிப் பங்கா?

தரங்கம்பாடி: வேறு வேறு, சகோதரி. முதலாவது ‘யாரஷ்’, இருக்கிறவர் இடத்தில் தான் உரிமையாளராவது. இரண்டாவது ‘நஹலா’, குடும்பத்துக்கு ஒதுக்கி, வழிவழியாக நிற்கும் பங்கு. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா பறித்துக்கொண்ட கதை, 1 இராஜாக்கள் 21-ஐப் பாருங்கள். நாபோத் தன் தோட்டத்தை ‘நஹலா’ என்கிறான் (வசனம் 3). ஆகாப் செய்ததை எலியா தீர்க்கதரிசி ‘யாரஷ்’ என்கிறார் (19). கதையின் வழக்கே அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது!

வேதாகமத்தின் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியில் தந்திருக்கும் ஸ்ட்ராங் எண்ணை மட்டும் நம்பினால் ஒரு இடத்தில் சறுக்கும். 3423 என்ற எண் யாரஷின் எல்லா வினைவடிவங்களுக்கும் பொது. ‘ஹிஃபில்’ என்ற பிறவினை வடிவமான ‘ஹோரீஷ்’ பெரும்பாலும் ‘துரத்திவிடு’. நியாயாதிபதிகள் 1:27 முதல் திரும்பத் திரும்ப வரும் ‘துரத்திவிடவில்லை’ அதுதான். ஆகவே எண்ணுக்குப் பிறகு வினைவடிவத்தையும் பாருங்கள்.

திருவையாறு: நம் டெல்டாவின் ‘மிராசு’, ‘வாரிசு’ இரண்டும் அரபியில் வ-ர-ஸ வேரிலிருந்து வந்தவை. யாரஷ் அதன் உடன்பிறப்பு. சொல் முதலில் அரபி ‘வ’ நிற்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘ய’ வரும். ‘ஹோரீஷ்’ஷில் உள்ள ‘ஓ’ அந்தப் பழைய ‘வ’வின் எச்சம்.

கும்பகோணம் வாசகி: நன்றி ஐயா. சங்கீதம் 16:6-இல் வரும் ‘பங்கு’?

தரங்கம்பாடி: அது ‘ஹெவெல்’, கயிறு. நிலம் அளக்கும் கயிறே அளந்த பங்குக்கும் பெயரானது. அளந்த பங்கு யாருக்கு என்று முடிவு செய்யும் சீட்டு ‘கோரால்’, யோசுவா 18-இல் சீலோவில் ஏழு கோத்திரங்களுக்குப் போட்டது. ஊர் நிலத்தைச் சீட்டுப் போட்டு மாற்றி மாற்றிப் பங்கிட்ட நம் பழைய கரையீட்டை அறிந்தவர்களுக்கு இது சட்டென விளங்கும்.