மகளுக்கு மேல் கோரைப்பல் இறங்கல, ரெண்டாவது எக்ஸ்ரே அவசியமா?

தோட்டத்து_அம்மா:
வணக்கம், நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். மகளுக்கு 12 வயசு, இடது கோரைப்பல் வந்துருச்சு, வலது பக்கம் இன்னும் பால் பல்லுதான், ஆடக்கூட இல்ல. கிளினிக்ல ஓபிஜி, அதான் ரெண்டு தாடையும் ஒன்னா தெரியற எக்ஸ்ரே, எடுத்தாங்க, பல்லு உள்ளுக்குள்ள சாஞ்சு படுத்து பக்கத்து முன்பல் வேர் மேல ஏறி நிக்குது. இப்ப இன்னொரு எக்ஸ்ரே எடுத்துட்டுதான் மேல் சிகிச்சைக்கு ஈப்போவுக்கு அனுப்புவாங்களாம். படத்துலதான் பல்லு தெளிவா தெரியுதே? வீட்டுக்காரருக்கு லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் இல்ல, நேரா சிடி ஸ்கேன் எடுத்துடலாமான்னு கேக்கறாரு, எனக்கு கதிர்வீச்ச நெனச்சா பயமா இருக்கு.

பல்_கிளினிக்_சித்ரா:
அக்கா, பயப்படாதீங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஓபிஜி தட்டையான படம், பல்லு எவ்ளோ உயரத்துல இருக்கு, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு காட்டும், ஆனா முன்பல் வேருக்கு முன்னால உதட்டுப் பக்கமா இல்ல பின்னால அண்ணத்துப் பக்கமான்னு சொல்லாது. வழக்கத்தவிட பெருசா தெரிஞ்சா அண்ணத்துப் பக்கம்னு ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். அதனாலதான் வேற கோணத்துல இன்னொன்னு. ஒரு கண்ண மூடிக்கிட்டு ரெண்டு விரல ஒன்னுக்குப் பின்னால ஒன்னா நிறுத்தி தலைய வலது பக்கம் நகத்திப் பாருங்க, பின்னாடி விரலும் வலது பக்கம் நகர்ற மாதிரி தெரியும். எக்ஸ்ரே குழாய நகத்தினாலும் அதே கணக்கு, குழாய் போன பக்கமே பல்லும் நகர்ந்தா அது அண்ணத்துப் பக்கம், எதிர்ப்பக்கம் நகர்ந்தா உதட்டுப் பக்கம். இவங்க கடிச்சுப் பிடிக்கிற ஆக்லூசல் படம் எடுப்பாங்கன்னு நெனைக்கிறேன், அதுல குழாய் ஓபிஜிய விட மேலருந்து வரும், அதனால கோரைப்பல் முன்பல் வேர ஒட்டி முன்னவிட மேல ஏறித் தெரிஞ்சா அண்ணத்துப் பக்கம். எந்தப் பக்கம்னு தெரிஞ்சாதான் ஈறை எங்க திறந்து சங்கிலி ஒட்டி இழுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும்.

தோட்டத்து_அம்மா:
ரொம்ப நன்றி சிஸ்டர். உதட்டத் தூக்கித் தடவிப் பாத்தேன், இடது பக்கம் பல்லு வர்றதுக்கு முன்னாடி இருந்த மேடு இங்க இல்லவே இல்ல.

கம்பி_டாக்டர்:
அம்மா, அந்த மேடு 10 வயசுலயே கைக்குத் தட்டுப்படணும், இல்லன்னா அண்ணத்துப் பக்கம் சந்தேகப்படணும். ஆனா கைய மட்டும் நம்பி முடிவு எடுக்க மாட்டோம். 1988ல ஸ்வீடன்ல எரிக்சன், குரோல்னு ரெண்டு பேர் 10லருந்து 13 வயசுப் பிள்ளைங்களுக்கு பால் கோரைப்பல்ல எடுத்துப் பாத்தாங்க, அண்ணத்துப் பக்கம் சிக்கின 46 பல்லுல 36 தானா நேரான வழிக்குத் திரும்பிடுச்சு. கோரைப்பல்லோட கிரீடம், அதாவது வேர் இல்லாத தலைப்பகுதி, பக்கத்து முன்பல்லோட நடுக்கோட்டத் தாண்டாம இருந்தா 91 சதவீதம் திரும்பிச்சு, தாண்டிட்டா 64 சதவீதம். அதான் இந்த வயசு முக்கியம், தள்ளிப் போடாதீங்க, தாண்டியிருக்கான்னு ஓபிஜிய வச்சே கேளுங்க. அதுக்காக இப்பவே பால் பல்ல எடுத்துடச் சொல்லி நிக்காதீங்க, இடம் இருக்கா, சாய்வு எவ்ளோன்னு பாத்துதான் சொல்வாங்க. சிபிசிடி, அதான் பல்லுக்கு எடுக்கற சிடி ஸ்கேன், எடுத்த எடுப்புலயே எடுக்கறதில்ல, கோரைப்பல் முட்டி பக்கத்து முன்பல் வேர் கரையுதோன்னு சந்தேகம் இருந்தா, இல்ல ரெண்டு படத்துலயும் இடம் தெளிவாகலன்னா மட்டும். கதிர்வீச்சு சாதாரண படத்தவிட கூட, ஆனா வேர் கரையுறத தட்டைப் படம் நிறைய தடவ மறைச்சிடும், அப்ப தயங்கக் கூடாது.

பல்_கிளினிக்_சித்ரா:
ஆமாக்கா, போறப்போ எடுத்த ஓபிஜியோட காப்பிய கேட்டு வாங்கி ஈப்போவுக்கு எடுத்துட்டுப் போங்க, திரும்ப எடுக்கற வேலை மிச்சம், ஐயாவுக்கு ஒரு நாள் சம்பளமும் போகாது.