வெலிக்கி நோவ்கோரத்: ஒரு பகல் போதுமா, ஓர் இரவு தங்க வேண்டுமா?

கேள்வி: தென்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் சென் பீட்டர்ஸ்பெர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் அவளைப் பார்க்கச் செல்கிறோம். அரண்மனைகளையும் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தையும் அவளே சுற்றிக் காட்டிவிடுவாள். ஆனால் பேரரசர்கள் காலத்துக்கு முந்தைய பழைய ரஷ்யாவைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு வெலிக்கி நோவ்கோரத்துக்குப் போகச் சொல்கிறார்கள் சிலர். அங்கே ஒரு கோட்டையையும் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் வெள்ளைத் தேவாலயங்களையும் தவிர வேறொன்றும் இல்லை, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர்.

கட்டடக் கலையிலோ கிறித்தவச் சமய ஓவியத்திலோ எனக்குப் பயிற்சி இல்லை. கல்வெட்டு, சுவடி என்றால் மட்டும் ஆர்வம் உண்டு. என் போன்றவர்கள் அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? ஓர் இரவு தங்குவது அவசியமா? நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி: வடபுலத்தான்

முதலில் ஒரு எச்சரிக்கை. பயணச்சீட்டு எடுக்கும்போது ஊர்ப்பெயரை முழுமையாகப் பாருங்கள். நிஸ்னி நோவ்கோரத் என்பது மாஸ்கோவுக்குக் கிழக்கே வோல்கா ஆற்றங்கரையில் உள்ள முற்றிலும் வேறான பெருநகரம். உங்களுக்கு வேண்டியது வெலிக்கி நோவ்கோரத். பீட்டர்ஸ்பெர்க்கின் மாஸ்கோவ்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து 'லாஸ்தச்கா' ரயிலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அந்நாட்டில் செல்லுபடியாவதில்லை என்பதால், கையில் ரூபிள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மகளின் உள்ளூர் அட்டையை நம்பியே இருக்க வேண்டும்.

என் கருத்தில் ஒரு பகல் போதும். கோட்டை, அதனுள் இருக்கும் சோபியா பேராலயம், 'ரஷ்யாவின் ஆயிரம் ஆண்டுகள்' நினைவுச் சின்னம், வோல்ஹவ் ஆற்றின் நடைபாலத்தைக் கடந்தால் அக்கரையில் பழைய சந்தைப் பகுதியின் தேவாலயங்கள் என எல்லாம் நடக்கும் தொலைவில்தான் இருக்கின்றன. ஜூனில் வெளிச்சம் நள்ளிரவுவரை இருக்கும். கொசுவும் இருக்கும்.

மறுமொழி: ஏட்டுப்பூச்சி

சுவடியில் ஆர்வம் என்று நீங்கள் சொன்னதால், கோட்டைக்குள் நுழைந்ததும் பேராலயத்துக்கு முன்பாக அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடத்துக்குச் சென்றுவிடுங்கள் என்பேன். அந்த ஊரின் பெருஞ்செல்வம் தரைக்கு மேலே இருந்ததைவிட மண்ணுக்குள்தான் அதிகம் இருந்தது.

1951 ஜூலை 26 அன்று, ஆர்த்தேமி ஆர்த்சிஹோவ்ஸ்கி தலைமையில் நடந்த அகழாய்வில், நீனா அக்கூலவா என்ற பெண் தொழிலாளி பழைய மரத்தெருவின் கட்டைகளுக்கு இடையே சுருண்டு கிடந்த பிர்ச் மரப்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். அதில் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அதன்பின் அந்த நகரில் கிடைத்துள்ள பட்டை மடல்களின் எண்ணிக்கை 1,100ஐத் தாண்டிவிட்டது. எலும்பாலோ இரும்பாலோ செய்த எழுத்தாணியால் பட்டையின் மென்மையான பக்கத்தில் கீறி எழுதியிருக்கிறார்கள். நம் ஓலையைப் போலத்தான், ஆனால் கீறலின் மேல் மை பூசும் வழக்கம் அங்கே இல்லை. படித்து முடித்ததும் பலர் அதைக் கிழித்துத் தெருவில் எறிந்துவிட்டார்கள். நீர் ஊறிய அந்த மண்ணுக்குள் காற்றுப் புகாததால், எறிந்தவை மட்காமல் கிடந்திருக்கின்றன.

எந்த மடல் எந்தக் காலத்தது என்று அறிந்த விதம் இன்னும் சுவையானது. சேற்று நிலம் என்பதால் கட்டைகளைப் பரப்பித் தெரு அமைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அது புதைந்துவிட, அதன் மேலேயே அடுத்த தெருவைப் போட்டார்கள். நேரெவ்ஸ்கி அகழாய்வுக் களத்தில் 10ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான 28 தெருக்கள் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. கட்டைகளின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒவ்வோர் அடுக்குக்கும் ஆண்டு குறித்தார்கள். அந்த அடுக்கில் கிடைத்த மடலுக்கும் காலம் கிடைத்துவிட்டது.

இந்த மடல்களில் மன்னர்களின் பெருமை ஏதும் இல்லை. கடன் பாக்கி, குத்தகைத் தகராறு, வீட்டுக்கு வாங்க வேண்டிய பொருள்கள் ஆகியவைதான் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் ஓன்ஃபிம் என்ற சிறுவன் அரிச்சுவடியை எழுதிப் பழகிய பட்டைகளும் கிடைத்திருக்கின்றன. அவன் பாடத்தில் சலிப்புற்று, குதிரைமேல் அமர்ந்து எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறான். அவன் வரைந்த மனிதர்களின் கைவிரல்கள் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் மாறுகின்றன. 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய இன்னொரு மடலில் ஒரு பெண், உனக்கு மூன்று முறை ஆள் அனுப்பியும் இந்த வாரம் ஏன் வரவில்லை, என்மேல் என்ன மனத்தாங்கல் என்று கேட்கிறாள். அந்த மடல் கிழிக்கப்பட்டு முடிச்சுப் போட்ட நிலையில் கிடைத்தது. கிழித்தவனுக்கு ஆத்திரமா, பிறர் கண்ணில் படக்கூடாது என்ற அச்சமா, யார் கண்டது!

2000ஆம் ஆண்டில் கிடைத்த மெழுகு பூசிய மூன்று மரப்பலகைகளையும் தவறவிடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தப் பலகைகளில் விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் எழுதப்பட்டுள்ளன. பண்டைய ரஷ்ய நிலத்தில் கிடைத்த நூல்களிலேயே மிகப் பழமையானது இதுதான்.

மறுமொழி: சுண்ணச்சுவர்

வடபுலத்தானின் கருத்தோடு நான் உடன்படவில்லை. தேவாலயங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது வெளியே நின்று படம் எடுத்துத் திரும்புபவர்களின் பேச்சு.

சோபியா பேராலயம் 1045 முதல் 1050 வரை கட்டப்பட்டது. அதன் மேற்கு வாயிலில் உள்ள வெண்கலக் கதவு ரஷ்யாவில் செய்யப்பட்டதே அன்று. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் வார்க்கப்பட்டது. விவிலியக் காட்சிகளுக்குக் கீழே இடப்புற மூலையில் குனிந்து பாருங்கள்: அதை வார்த்த கொல்லர்கள் தங்கள் உருவங்களையும் தொழிற்கருவிகளோடு பதித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் கதவைச் சீரமைத்த அவ்ராம் என்ற உள்ளூர்க் கொல்லரும் தம்மை அவர்களோடு சேர்த்துக்கொண்டார். லத்தீன் எழுத்தும் ரஷ்ய எழுத்தும் ஒரே கதவில் அருகருகே நிற்கின்றன. ஹான்சா என்ற வட ஜெர்மானிய நகரக் கூட்டமைப்பின் வணிகர்கள் துணியும் வெள்ளியும் கொண்டுவந்து, மென்மயிர்த் தோலும் மெழுகும் வாங்கிச் சென்ற ஊர் அல்லவா!

ஆயிரமாண்டு நினைவுச் சின்னம் 1862இல் எழுப்பப்பட்டது. அதிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களுள் மாஸ்கோவின் மன்னர் நான்காம் இவான் இல்லை. 1570இல் அவர் இந்நகர மக்களைக் கொன்று குவித்ததை நினைத்தால் காரணம் விளங்கும். ஆனால் மாஸ்கோவை எதிர்த்து நின்ற மார்ஃபா பரேத்ஸ்கயா இருக்கிறார். அவருடைய காலடியில் மக்கள் மன்றத்தின் மணி உடைந்து கிடக்கிறது. 1478இல் மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் நோவ்கோரத்தின் தன்னாட்சியை ஒழித்தபோது, அந்த மணியையும் கழற்றி மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கரையில் இலின் தெருவில் உள்ள உருமாற்றத் தேவாலயத்துக்காகவே நான் ஓர் இரவு தங்கச் சொல்வேன். கிரேக்க ஓவியர் தியோபனேஸ் 1378இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. ரஷ்யாவில் ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று சொல்லத்தக்க சுவரோவியங்கள் இவை மட்டுமே. செங்காவி நிறத்தின் மேல் விரைந்து இழுத்த சில வெள்ளைக் கோடுகளிலேயே முதியவர்களின் முகம் எழுந்து வருகிறது. குவிமாடத்திலிருந்து நோக்கும் கிறிஸ்துவின் பார்வையில் கனிவைத் தேட வேண்டாம். குறுகிய படிகளில் ஏறி மேல்மாட அறையையும் பார்த்துவிடுங்கள். தூண்மேல் தவமிருந்த துறவிகள் அங்கேதான் இருக்கிறார்கள். மழை பெய்து ஈரப்பதம் மிகுந்தால் ஓவியங்களைக் காக்க இந்தத் தேவாலயத்தை மூடிவிடுவதுண்டு. ஒரே பகலை நம்பிச் சென்று அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால், அவ்வளவு தூரம் போயும் இதைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான்.

1198இல் கட்டப்பட்ட நெரேதித்சா தேவாலயத்தின் ஓவியங்கள் இதைவிடப் புகழ்பெற்றவையாக இருந்தன. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டன. இன்று காண்பது மறுபடி எழுப்பிய கட்டடமும், எஞ்சிய சிறு பகுதி ஓவியமும்தான். நேரம் குறைவு என்றால் அதை விட்டுவிடலாம்.

தென்கரை வாசகி

மிக்க நன்றி. ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டாம் நாளில் யூரியெவ் மடத்துக்குச் செல்வது பயனுள்ளதா? உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மறுமொழி: வடபுலத்தான்

தங்குவதென்றால் கட்டாயம் போகலாம். நகருக்குத் தெற்கே, இல்மேன் ஏரியிலிருந்து வோல்ஹவ் ஆறு புறப்படும் இடத்தில் மடம் இருக்கிறது. நகரப் பேருந்தே போகும். 1119இல் தொடங்கிய ஜார்ஜ் பேராலயத்தின் மூன்று குவிமாடங்கள் சீரற்று அமைந்திருப்பதே அதற்கு ஓர் அழகு. அருகிலேயே வித்தஸ்லாவ்லித்சி என்ற மரக்கட்டடத் திறந்தவெளி அருங்காட்சியகம் உள்ளது. பெரெத்கி கிராமத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த 1531ஆம் ஆண்டு மரத் தேவாலயத்தை முதலில் பாருங்கள்.

வழிபாடு நடக்கும் ஆலயங்களில் பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். உணவகத்தில் 'போஸ்த்னயே' என்று கேளுங்கள். நோன்புக் காலத்துக்கு உரிய அந்த உணவில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் இராது, ஆனால் மீன் உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. காளான், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சேர்த்த பணியாரங்கள் எங்கும் கிடைக்கும். அருங்காட்சியகக் கட்டடங்களுக்கு வார விடுமுறை ஒரே நாளில் வருவதில்லை. எனவே அறை பதிவு செய்வதற்கு முன், நீங்கள் பார்க்க விரும்பும் ஒவ்வோர் இடத்தின் விடுமுறை நாளையும் மகளை விட்டு விசாரித்துவிடுங்கள்.