புதுப்பிப்பு: காகிதக் கூம்பின் மேல் வீண்பழி

போன மாதம் எழுதியிருந்தேனே, கும்பகோணம் வீட்டில் அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஏறும்போதெல்லாம் கரகரக்கிறது, ஐப்பசி ஈரத்தில், அதிர்ந்து ஒலியெழுப்பும் காகிதக் கூம்பு நமுத்திருக்கும், அலுமினியக் கூம்புக்கு மாறிவிடலாமா என்று. நான் நினைத்தது தப்பு. பிரித்துப் பார்த்தால் கூம்பு அப்படியே இருக்கிறது, சுற்றிலும் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் நுரை வளையம்தான் விபூதி மாதிரி கையில் கொட்டியது. ரப்பர் வளையம் ஒட்டினேன். கரகரப்பு போச்சு.

அப்புறம், ஸ்பீக்கரில் பெரிலியம் என்ற லேசான உலோகத்தை ஏன் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.85 கிராம்தான், அலுமினியம் 2.7, விறைப்போ பல மடங்கு அதிகம், அதனால் ஒலி அதனுள் அலுமினியத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடும், டுவீட்டரின் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) குவிமாடம் தன்னிச்சையாக நெளியத் தொடங்கும் அதிர்வெண்ணும் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். யமஹாவின் என்எஸ்-1000 ஸ்பீக்கர் வரிசையில் பெரிலியம் 1974லேயே வந்தது. ஆனால் உடைந்தால் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, நச்சு.

உலோகம் வெண்கலத் தாளம் போல, தட்டினால் ரீங்காரம் அடங்க நேரமாகும். காகிதம் அதைத் தானே விழுங்கிவிடும். எனக்கு இப்போதைக்குக் காகிதமே போதும், விலையைக் கேட்டதும் ஆசையும் பாதி அடங்கிவிட்டது.