மட்டைச் சோறும் மஞ்சள் கருவும்

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

பாலக்காட்டில் படித்தபோது, ஓணம் விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பினால் முதல் பேச்சு "தடிச்சு போயல்லோ" என்பதுதான். குண்டாகிவிட்டாயே என்று பெண்களிடம்தான் கேட்பார்கள். ஒரு வருடம் அது என் அறைத்தோழிக்கு விழுந்தது. அப்புறம் மதியம் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைவாள், தட்டு முழுக்கப் பரப்புவாள், முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் ஒதுக்கிவிடுவாள். பார்த்தால் சாப்பிட்ட தட்டு மாதிரியே இருக்கும். கேட்டால் "வயிறு சரியில்லடி" என்பாள். மூன்று மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். உடம்புக்குத் தீனி போதாவிட்டால் மாதவிலக்கே நின்றுபோகும் என்று டாக்டர் விளக்கினார். நான் தாமதித்தது இன்றும் உறுத்துகிறது.

பின்னாளில் உளவியல் படித்தபோது, 1985-இல் ஃபாலன், ரோசின் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 475 பேரிடம் செய்த ஆய்வு கையில் கிடைத்தது. ஒல்லி முதல் பருமன் வரை ஒன்பது உருவப் படங்கள். இப்போது எப்படி இருக்கிறாய், எப்படி இருக்க ஆசை, எதிர்பாலருக்கு எது பிடிக்கும்? ஆண்கள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டினார்கள். பெண்கள் ஆசைப்பட்டது தாங்கள் இருப்பதைவிட ஒல்லியான உருவம். ஆண்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைத்த உருவமோ, ஆண்கள் நிஜமாகவே சொன்னதைவிட மெலிந்தது. படித்ததும் அந்தத் தட்டுதான் கண்முன் வந்தது.

வேலந்தாவளத்துப் பையன்:

அக்கா, ஆண்களுக்கு ஒரே படம் என்பது அந்தக் காலத்துக்கு இருக்கலாம். எங்கள் மெஸ்ஸில் முட்டை போடும் நாளில், ஜிம்முக்குப் போகிறவர்கள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவைத் தட்டோரம் வரிசையாக வைப்போம். என்னை 'ஈர்க்குச்சி' என்று கூப்பிட்டார்கள். பாலக்காட்டு வெயிலில், முழுக்கைச் சட்டைக்குள் இன்னொரு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தினமும் பன்னிரண்டு முட்டை. அம்மாவுக்கோ "பையன் நல்லா சாப்பிடறான்" என்று ஒரே சந்தோஷம். பட்டினி கிடந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

தம்பி, உள்ளே போடும் அந்தச் சட்டையை விட்டாச்சா?

வேலந்தாவளத்துப் பையன்:

வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டேன் அக்கா. கல்யாண வீட்டுக்கு இன்னும் போடுகிறேன்.