வில்லனை நாயகனாக்கிய காமிக்ஸ்: நம்பாமல் எடுத்துப் படித்த அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மேல் எனக்கு என்றைக்குமே பிடிப்பு இருந்ததில்லை. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். (அவரும் தொடக்கத்தில் குற்றவாளிதான், பிறகுதான் திருந்தினார்.) செத்தவன் சில மாதத்தில் எழுந்து வருகிற கதையில் என்ன பதைப்பு இருக்க முடியும்? வில்லன்தான் நாயகன் என்றால் இன்னும் எரிச்சல். சின்ன வயதில் பட்ட பாட்டைக் காட்டி, நம்மிடம் அவனுக்கு மன்னிப்பு வாங்கிவிடுவார்கள்.

கோவையில் படிக்கும் அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, இதை மட்டும் படிங்க" என்று மார்வெலின் 'டிரையம்ப் அண்ட் டார்மென்ட்' புத்தகத்தை வைத்துவிட்டுப் போனான். 1989இல் வந்தது. எழுதியவர் ரோஜர் ஸ்டெர்ன்; வரைந்தவர் பின்னாளில் ஹெல்பாய் என்ற காமிக்ஸ் நாயகனைப் படைத்த மைக் மிக்னோலா. அன்று மழை விடாமல் பிடித்துக்கொண்டது, கரண்டும் இல்லை. சரி, பார்ப்போம் என்று எடுத்தேன்.

முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள். டாக்டர் டூம் 1962இல் அறிமுகமான வில்லன், லாட்வேரியா என்ற கற்பனை நாட்டின் சர்வாதிகாரி. அவன் தாயின் ஆன்மா மெஃபிஸ்டோ என்ற சாத்தானின் நரகத்தில் சிக்கிக் கிடக்கிறது. ஆண்டுக்கு ஓர் இரவு அதை மீட்கப் போராடித் தோற்கிறான். இந்த முறை மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நரகத்துக்கே போகிறான். போன இடத்தில், துணைக்கு வந்தவனையே விலையாகக் கொடுத்து அம்மாவைக் கேட்கிறான்!

அம்மாவுக்கு விஷயம் தெரிகிறது. இப்படி வந்த விடுதலை எனக்கு வேண்டாம் என்று மகனை உதறுகிறாள். அந்த மறுப்பே அவளைத் தூய்மையாக்கி நரகத்திலிருந்து மேலே அனுப்புகிறது.

'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை' என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். அது பிள்ளைக்குச் சொன்னது. பசியோடு கிடக்கும் அந்தத் தாய் வாயைத் திறந்தால் என்ன சொல்வாள் என்று நான் யோசித்ததே இல்லை. இந்தக் கதையில் அவள் பேசுகிறாள். அவள் வெறுத்தால்தான் மீள்வாள் என்று தெரிந்தேதான் டூம் அதைச் செய்தான் என்பது என் வாசிப்பு. அவன் முகமோ இரும்பு முகமூடிக்குள். அழுகிறானா என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவனுக்காகக் கதையும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

குன்னூரிலிருந்து:

எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று 'தி கில்லிங் ஜோக்' படித்தேன். 1988இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த, பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கதை. ஓவியத்தைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் போலீஸ் கமிஷனரின் மகள் பார்பரா கதவைத் திறக்கும் அந்தப் பக்கம்! பூப்போட்ட சட்டை, கழுத்தில் கேமரா என்று சீசனுக்கு ஊட்டி வந்த டூரிஸ்ட் மாதிரி ஜோக்கர் நிற்கிறான். கையில் துப்பாக்கி. சுட்டுவிடுகிறான். அதற்கப்புறம் எல்லாம் அவள் அப்பாவின் வேதனையும் பேட்மேனின் கோபமும்தான். அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில், அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும்தான் அவளைக் கைவிடாமல், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தகவல் திரட்டும் 'ஆரக்கிள்' ஆக்கினார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கோத்தகிரியிலிருந்து:

நியாயம்தான்மா. டூமின் அம்மாவுக்குக் கிடைத்த பேச்சு பார்பராவுக்கு அந்தப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஆரக்கிள் கதைகள் உங்களிடம் இருக்கிறதா? அடுத்த வாரம் குன்னூர் வருகிறேன். டூமை எடுத்து வருகிறேன், மாற்றிக்கொள்வோம்.