அக்கா கொடுத்த சிறுநீரகம், 14 வருடம் கழித்துக் காதில் புற்றுநோய்: பரம்பரையா இது?

மறுவாழ்வு14:
எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து 14 வருடம் ஆகிறது. கொடுத்தவர் என் அக்கா. உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்க, முதல் ஒன்பது வருடம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்: அசத்தியோபிரின், சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு. அப்புறம் மருந்தை மாற்றினார்கள். போன வருடம் இடது காது மடலின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பொருக்கு வந்தது. தலை துவட்டும்போது துண்டில் மாட்டி உதிரும், இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி கட்டும். வலி இல்லையே என்று ஆறு மாதம் விட்டுவிட்டேன். சதைப் பரிசோதனையில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று வந்தது. வெட்டி எடுத்தாயிற்று, வெட்டிய ஓரங்களில் புற்றுநோய் செல் இல்லை.

பேச்சுவாக்கில் மருத்துவர், "மரபணு மாற்றத்தால் வருவது" என்றார். அந்த ஒரு சொல் வீட்டையே ஆட்டிவிட்டது. "நான் கொடுத்ததுலதான் ஏதோ இருந்திருக்காடா?" என்று அக்கா போனில் அழுகிறார். என் மகளுக்கு 16 வயது. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். மரபணு என்றாலே பரம்பரைதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்நோக்கி:
முதலில் அக்காவுக்குப் போன் போட்டு "உன்னால் இல்லை" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கட்டிகளின் டிஎன்ஏவைப் படிப்பதுதான் என் வேலை. உங்களுக்கு வந்த வகை, மிகப் பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோல் செல்லிலேயே தொடங்குவது. மாற்றம் அந்தச் செல்லிலும் அதன் வாரிசுகளிலும் மட்டும் இருக்கும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாத மாற்றம் பிள்ளைக்குப் போகாது.

யார் செய்த மாற்றம் என்பதும் தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்து தைமின் என்ற எழுத்தாக மாறியிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சைட்டோசின்கள் சேர்ந்தே மாறியிருந்தால் வெயில்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இப்படி அடிபடுவதில் முக்கியமானது டிபி53, பழுதான செல்லை நிறுத்தும் அல்லது சாகச் சொல்லும் மரபணு. நாட்ச்1, சிடிகேஎன்2ஏ ஆகிய மரபணுக்களும் அடிக்கடி கெட்டிருக்கும்.

2015-இல் நோயே இல்லாத கண்ணிமைத் தோலை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய கால்வாசி செல்களில் இப்படிப்பட்ட மாற்றங்கள் ஏற்கெனவே இருந்தன! ஆக, விதை எல்லோர் தோலிலும் கிடக்கிறது. முளைக்கிறதைக் கிள்ளுவது நம் எதிர்ப்புச் சக்தி. உறுப்பைக் காப்பாற்ற அதைத்தான் அடக்கி வைக்கிறோம்.

அசத்தியோபிரின் தனிக் கதை. அது உடலில் உடைந்து தயோகுவானினாகி டிஎன்ஏவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். சாதாரண டிஎன்ஏ பெரிதாகக் கண்டுகொள்ளாத யூவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிரை இது உறிஞ்சும். அங்கேயே சேதம் நடக்கும். அந்த மருந்தோடு தொடர்புடைய தனி டிஎன்ஏ மாற்றத் தடத்தை இந்தக் கட்டிகளில் 2018-இல் கண்டறிந்தார்கள். சைக்ளோஸ்போரினும் டிஎன்ஏ பழுதுபார்ப்பைக் குறைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உறுப்பே போய்விடும்.

கல்லீரல்காரி:
நான் கல்லீரல் மாற்றிக்கொண்டவள், எனக்கு இதுவரை இரண்டு கட்டி எடுத்திருக்கிறார்கள். ஒன்று வந்தவர்களுக்கு அடுத்தது வர வாய்ப்பு அதிகம் என்பதை மனதில் வையுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாறலாமா என்று கேளுங்கள். சிறுநீரகம் மாற்றியவர்களில் அப்படி மாறியவர்களுக்குப் புதுக் கட்டிகள் குறைந்ததை 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. பக்கவிளைவு தாங்காமல் விட்டவர்களும் உண்டு, எனக்கும் வாய்ப்புண்தான் வந்தது. கட்டி வராமல் தடுக்க நிகோட்டினமைடு வைட்டமினை யாராவது சொன்னால், மாற்று உறுப்பு உள்ளவர்களிடம் அது பலன் தரவில்லை என்று 2023-இல் முடிவு வந்துவிட்டது. கறுப்புத் தோலில் அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வெயில் படாத இடத்திலும் வரும். உதடு, உச்சந்தலை, காதின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள்.

மறுவாழ்வு14:
நுண்நோக்கி எழுதியதை அக்காவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ கிட்னி நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.2, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் சிரோலிமஸ் பற்றிக் கேட்கப் போகிறேன். காதின் பின்பக்கம் எனக்குத் தெரியாதே என்றதும் மகள் போனை எடுத்து வந்தாள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, இரண்டு காதையும் படம் பிடித்துத் தேதி போட்டு வைத்திருக்கிறாள். மாதாமாதம் எடுப்பாளாம்.